படகு நாளில் ஒரு வாய்ச் சோறு

அடுக்களைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் தட்டை எடுத்தேன். என் சொந்த வீடு. நான் வடித்த சோறு. அதைத் தின்பதற்கு எனக்குத் தாழ்ப்பாள் வேண்டியிருந்தது.

முதலில் சூரணம். பழுப்பு நிறத்தில் ஒரு கரண்டி. வாயில் போட்டதும் சர்க்கரை இனிக்கும், அப்புறம் கிராம்பு நாக்கைச் சுள்ளென்று பிடிக்கும், கடைசியில் ஒரு கசப்பு தொண்டையடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெந்நீர் ஊற்றி விழுங்கினேன். கொஞ்ச நேரம் பொறுத்துக் குழைந்த சோற்றில் மோரை விட்டுப் பிசைந்தேன். தட்டுச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று அதைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் ஜெயராணி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவள் துணியை அடிப்பதை நிறுத்தும்போதெல்லாம் என் கையும் நின்றது.

அன்று எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வெளியே நல்ல வெயில். வடகடலில் எங்கேயோ என் வீட்டுக்காரருடைய படகு வலை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் கடலில் கிடக்கிறார், நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் செய்யாத காரியம் இது.

“மாதாவே, கோவிச்சுக்கிடாத” என்று முணுமுணுத்துவிட்டு முதல் வாயை வைத்தேன். விழுங்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

கட்டுன பெறகு

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மண்டபத்து விசைப்படகுகள் காலையில் மீன்துறை ஆபீஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் திரும்பி வந்து கரையில் கட்டும். படகின் கயிற்றை அவிழ்த்த நேரம் முதல் திரும்பக் கட்டும் நேரம் வரை எங்கள் வீட்டுப் பெண்கள் சோறு தின்பதில்லை. தண்ணீர் குடிக்கலாம். கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம். பருக்கை மட்டும் உள்ளே போகக் கூடாது.

யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது. புதுப்பெண்ணாக வந்த சமயம், முதல் படகு நாளன்று மத்தியானம் பசி தாங்காமல் சோற்றுப்பானைப் பக்கம் போனேன். என் மாமியார் ஒரு தட்டை எடுத்துப் பானையை மூடினார். “கட்டுன பெறகு” என்றார். எனக்குக் கிடைத்த உபதேசம் அவ்வளவுதான். அவர் காலமாகிவிட்டார். மூடிய தட்டு மூடியபடியே இருந்தது.

ஊர் வழக்கமா என்று கேட்டுவிடாதீர்கள். எதிர்வீட்டு லூர்து அக்கா படகு நாளில்தான் கறி எடுத்து மணக்க மணக்கச் சமைப்பாள். அவள் புருஷன் மறுநாள் காலையில் ஜம்மென்று வந்து இறங்குவார். இதெல்லாம் எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், நாலு எழுத்துப் படித்தவள், வாரப் பத்திரிகையில் தொடர் வேறு எழுதுகிறவள். தெரிந்து என்ன பிரயோசனம்? மற்றவர்களுடைய புருஷன் விஷயத்தில் எல்லோருக்கும் அறிவு வேலை செய்யும்.

என்னைவிடக் கண்டிப்பாக இருப்பவள் ஜெயராணி. அவள் என் வீட்டுக்காரருடைய தங்கை. அவள் புருஷன் சூசை சில வருஷங்களுக்கு முன்னால் கடலுக்குப் போனவர். படகு வந்தது, அவர் வரவில்லை. வலையைப் படகுக்குள் இழுத்து வாங்கும்போது தவறி விழுந்தார் என்றார்கள். அதற்குப் பிறகு அவளுக்கென்று காத்திருக்கப் படகு இல்லை. ஆனாலும் அண்ணன் படகு போகிற நாளில் அவள் அடுப்பில் உலை ஏறாது. சாயங்காலம் வரைக்கும் காப்பிகூடக் குடிக்க மாட்டாள்.

அதற்கு ஒரு காரணம் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சூசை போன அன்றைக்கு அவள் தங்கச்சிமடத்தில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போயிருந்தாள், அங்கே பிரியாணி சாப்பிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். யார் பார்த்தது, யார் சொன்னது, ஒன்றும் தெரியாது. யாரும் அவளிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற கேள்வியா அது? ஆனால் ஒவ்வொரு படகு நாளிலும் அந்தப் பிரியாணி என் ஞாபகத்துக்கு வரும். வாயைக் கட்டிக்கொள்வேன்.

சாம்பார் வாசனை

இதில் பெரிய கூத்து என் வேலை. நான் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்குச் சோறு நேரத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். மணியடிக்கக் கொஞ்சம் தாமதமானாலும் “பிள்ளைக பசி தாங்குமா?” என்று சமையல்காரம்மாவிடம் சண்டைக்குப் போவேன். பிள்ளைகளுக்குப் போடும் முன்னால் ருசி பார்த்துத்தான் பரிமாற வேண்டும். படகு நாட்களில் நான் கரண்டியைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியரிடம் நீட்டிவிடுவேன். “ஏன்மா, உங்களுக்கு நாக்கு இல்லையா?” என்று கேட்பார் மனுஷன். “சளி சார், ருசி தெரியல” என்பேன். வாரத்துக்கு மூன்று தடவை சளி பிடிக்கிற ஒரே ஆள் நான்தான்.

அந்தச் சாம்பார் வாசனையில் வெறும் வயிற்றோடு நின்று நின்றுதான் எனக்கு இந்த வியாதி வந்தது என்பது என் கணக்கு. முதலில் புளித்த ஏப்பம். அப்புறம் நெஞ்சுக்குழியில் எரிச்சல். மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் யாரோ உள்ளே விட்டுத் துழாவுவதுபோல இருக்கும். இதயமோ என்று ஒரு நாள் பயந்து, ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு படுத்தேன். ஜெயராணிதான் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சோடா குடி என்றார்கள், வாழைத்தண்டுச் சாறு குடி என்றார்கள். மருந்துக் கடைக்காரர் ஒரு மாத்திரை கொடுத்தார். எல்லாம் கொஞ்ச நாள்தான்.

கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். அதைப் பற்றி எழுத மாட்டேன், நினைத்தாலே குமட்டுகிறது. இரைப்பையில் புண் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “நேரா நேரத்துக்குச் சாப்பிடுங்க. கறுப்பா வெளிக்குப் போச்சுன்னா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், ஒரு நிமிஷம் தாமதிக்காம ஓடி வாங்க” என்றார்.

போதாதா எனக்கு? அன்றிலிருந்து தினமும் காலையில் குனிந்து குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளை பார்க்க வந்தபோதுகூட நான் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. கொஞ்சம் கீரை தின்றுவிட்டால் அன்று முழுக்க எனக்கு நடுக்கம்தான்.

மாத்திரையில் கொஞ்சம் அடங்கி மறுபடி எரிச்சல் தலைதூக்கிய சமயத்தில்தான், பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் ராமநாதபுரத்திலேயே ஒரு ஆயுர்வேத டாக்டரைச் சொன்னார். தாடியும் விபூதியுமாக ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். என் மகள் வயசில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் ஸ்கூட்டி சாவி, பக்கத்தில் ஹெல்மெட். நாடி பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பொறுமையாகப் படித்தாள்.

“அவிபத்தி சூரணம் தாரேன். ரொம்ப காலமா இதுக்குக் குடுக்கிறதுதான். நெல்லி, கடுக்காய், கிராம்பு, சிவதை வேர், சுக்கு, மிளகு, திப்பிலி…”

“எரியிற வயித்துக்கு மிளகாம்மா?” என்றேன்.

“மிளகு கொஞ்சம்தான். சர்க்கரையும் சிவதையும்தான் நெறைய. பயப்படாதீங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு வேளை, வெந்நீர்ல. அந்த டாக்டர் குடுத்த மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது. புளி, காரம், கருவாடு கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.”

“மீனு?”

“குழம்பு வைக்காம அவிச்சுச் சாப்பிடுங்க.”

அவித்த மீனை எங்கள் ஊரில் பூனைக்குத்தான் வைப்போம். இருந்தாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

முன்னாடி என்றால் எவ்வளவு முன்னாடி?

படகு இல்லாத நாட்களில் சூரணம் நன்றாகக் கேட்டது. ஏப்பம் குறைந்தது. வயிறு லேசாக இளகிப் போயிற்று. சிவதை வேரின் வேலை அது என்று டாக்டர் பெண் முன்பே சொல்லியிருந்தாள். நெஞ்சில் கை வைக்காமல் ஒரு பகல் முழுக்க இருக்க முடிந்தது. ஆனால் படகு நாள் வந்தால் மட்டும் என் பாடு திண்டாட்டம். சூரணம் சாப்பிட்டதும் வயிறு கடமுட என்று உருளும். கொல்லைப்புறத்துக்கும் வீட்டுக்குமாக நடப்பேன். கை கால் வெலவெலத்துப் போகும். ஒரு தடவை மறுநாள் பள்ளிக்கூடத்தில் அரிசி மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது.

மறுபடி அவளிடம் போய், “உன் மருந்து எனக்கு ஒத்துக்கலம்மா” என்று கோபமாகத்தான் ஆரம்பித்தேன். அவள் துருவித் துருவிக் கேட்டாள்.

“சாப்பாட்டுக்கு முன்னாடிதான சாப்பிடுறீங்க?”

“ஆமா. நீ சொன்ன மாதிரிதான்.”

“முன்னாடின்னா எவ்வளவு முன்னாடி?”

“மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

“சரி, அப்புறம் எப்ப சாப்பிடுவீங்க?”

“மறுநா காலையில, படகு கட்டுன பெறகு.”

அவள் பேனாவை மேஜையில் வைத்தாள். “மறுநாளா? அதுவரைக்கும் என்ன சாப்பிடுவீங்க?”

“கருப்பட்டிக் காப்பி.”

“வெறும் வயித்துலயா?”

“படகு கட்டாம எப்பிடிம்மா சோறு திங்க?”

நான் கேட்டது எனக்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில்தான், இது கொஞ்சம் விநோதமான பதிலோ என்று சந்தேகம் வந்தது.

“அம்மா, உங்க வயித்துக்குப் படகு தெரியாது” என்றாள். “இது சாப்பாட்டுக்கு வழி பண்ற மருந்து. சாப்பாடே இல்லாம மருந்தை மட்டும் உள்ள தள்ளுனா, புண்ணு இருக்கிற வயிறு என்ன செய்யும்? நான் ஒண்ணு கேக்கேன். புண்ணு பெருசாகி ரத்தம் கசிஞ்சா, அப்புறம் நான் பாக்க முடியாது. கத்தியை எடுக்கிறவங்கதான் பாக்கணும். சம்மதமா?”

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். உச்சிப்புளி தாண்டியதும் கடல் காற்று முகத்தில் அடித்தது. தின்றால் அவருக்கு ஆகாது. தின்னாவிட்டால் எனக்கு ஆகாது. இதை யாரிடம் சொல்லிக் கேட்பது? வீட்டுக்காரரிடம் சொன்னால் “போ புள்ள, தின்னுட்டுப் போ” என்பார். ஆனால் கடலில் வலை வாங்கும்போது அவர் மனசில் ஒரு ஓரத்தில் அது உறுத்தும். அந்த உறுத்தலே போதுமே, கால் தவற. ஜெயராணியிடம் சொல்லவோ எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் தாழ்ப்பாள்.

அன்று மத்தியானம் எரிச்சல் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சாயங்காலம் ஜெயராணி இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து வாசலில் உட்கார்ந்தாள். “எரிச்சல் எப்பிடி மதினி இருக்கு?” என்றாள். “தேவலாம்” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே காப்பியை ஆற்றினாள். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மற்ற படகுகள்

விடிந்து படகுகள் ஒவ்வொன்றாக வந்து கட்ட ஆரம்பித்தன. ஐஸ் பெட்டிகள் இறங்கின. இறால் கூடையைச் சுற்றி ஏலக்காரர்கள் கத்தினார்கள். லூர்து அக்கா புருஷன் வழக்கம்போல ஜம்மென்று இறங்கினார். எங்கள் படகு நிற்கிற இடத்தில் தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“வந்துருவாக” என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, “வயர்லெஸ்ல கூப்பிட்டோம், பதில் வரல” என்றார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டார்கள். எல்லைப் பக்கம் என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. மற்றவர் அவரை முழங்கையால் இடித்தார்.

எனக்குக் கடல் தெரியவில்லை. எல்லை தெரியவில்லை. மடியில் வைத்துத் தின்ற தட்டுதான் தெரிந்தது. மோர், பருக்கை, ஓரத்தில் ஒட்டியிருந்த சூரணப் பொடி. எத்தனை வாய் தின்றேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு வாயையும் திரும்ப வெளியே எடுத்துவிட முடிந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன் என்று இருந்தது. அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி, மாதாவுக்குப் புடவை, வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம். வாய்க்கு வந்த எல்லாவற்றையும் நேர்ந்துகொண்டேன். இத்தனை பயத்தில் வயிறு எரிய வேண்டும், எரியவில்லை. மரத்துப்போய்க் கிடந்தது.

ஜெயராணி என் பக்கத்திலேயே நின்றாள். அவள் கண் கடலைவிட்டு நகரவில்லை. இந்த இடத்தில் இப்படி நின்று அவளுக்குப் பழக்கம் இருக்கிறது என்று நினைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

“ஜெயராணி, நான் நேத்து சோறு தின்னுட்டேன்டி” என்றேன்.

அவள் திரும்பவில்லை. “தெரியும்” என்றாள். “ஒத்தச் சொவருதான மதினி. பட்டப்பகல்ல நீ அடுக்களைத் தாப்பாளப் போட்டா எனக்குக் கேக்காதா? டாக்டர் திங்கச் சொல்லிருப்பாக. அதனாலதான் நான் துணிய மெதுவாத் தொவச்சேன், நீ நிதானமாத் திங்கட்டும்னு.”

அவளே தொடர்ந்தாள்.

“அவுக போன அன்னைக்கு நான் பிரியாணி தின்னேன்னு ஊரு சொல்லுச்சுல்ல? உன் காதுக்கும் வந்திருக்கும்.”

“வந்துச்சு” என்றேன். பொய் சொல்ல அது நேரமில்லை.

“எல முன்னாடி உக்காந்தேன் மதினி. எலயில தண்ணி தெளிச்சேன். அண்ணனும் அவுகளும் கடல்ல கெடக்காகளேன்னு எந்திரிச்சு வந்துட்டேன். பச்சத்தண்ணி பல்லுல படல. காப்பிகூட இல்ல. அப்பிடி இருந்தேன். அவுக வரல.”

இத்தனை வருஷமாக அந்தப் பிரியாணியை நான் சுமந்துகொண்டிருந்தேன். அப்படி ஒரு பிரியாணியே இல்லை.

“பெறகு ஏன்டி இன்னும் பட்டினி கெடக்க?” என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“தெரியல. அண்ணன் கடல்ல கெடக்கையில எனக்குச் சோறு எறங்கல, அம்புட்டுதான். நீ வெறும் வயித்தோட நிக்காத. உனக்குப் புண்ணு இருக்கு. ரெண்டு பேருக்குமாச் சேத்து நான் இருந்துக்கிறேன்.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் என் சூரண டப்பா, வெந்நீர், டிபன் பாக்ஸில் மோர் சோறு. அந்தக் கரையில், அத்தனை பேர் நடுவில், ஒரு ஐஸ் பெட்டியின் மேல் என்னை உட்கார வைத்தாள்.

“என்னால முடியாதுடி.”

“திங்காம நின்னு நீயும் விழுந்தா நான் யாரத் தூக்க? அண்ணன் வந்து கேட்டா நான் என்ன சொல்ல? தின்னு.”

படகு கட்டவில்லை. நான் சோறு தின்றேன். ஊரே பார்த்தது. கண்ணீரும் மோரும் ஒன்றாக உள்ளே போயின. ஒவ்வொரு வாய்க்கும் நான் கடலைப் பார்த்தேன், அவள் டிபன் பாக்ஸைப் பார்த்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறும் முன்னால் தூரத்தில் இரண்டு படகுகள் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரிந்தன. முன்னால் வந்தது பின்னால் வந்ததைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பின்னால் வந்ததுதான் எங்களுடையது. கடலில் மிதந்த பழைய வலையொன்று புரொப்பல்லரில் சுற்றி எஞ்சின் நின்றுவிட்டதாம். அதைக் கிளப்பப் பார்த்துப் பார்த்துப் பேட்டரியும் போய், வயர்லெஸ் ஊமையாகிவிட்டதாம். அவ்வளவுதான் நடந்தது. கரையில் எனக்குள் நடந்ததுதான் அதிகம்.

என் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். கண்ணெல்லாம் சிவந்து, சட்டையெல்லாம் டீசல் கறை. என் கையில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார். என் வாயோரத்தில் ஒட்டியிருந்த பருக்கையைப் பார்த்தார். நான் முந்தானையால் வாயைத் துடைத்தேன்.

“ஏ புள்ள, மிச்சம் இருக்கா?” என்றார். “பசி உசுரு போகுது.”

ஜெயராணி சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்துப் பல காலம் ஆகிவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம்

அதற்குப் பிறகு நான் படகு நாளிலும் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். தாழ்ப்பாள் போடுவதில்லை. தலைமையாசிரியரிடம் கரண்டி நீட்டுவதும் இல்லை. “சளி விட்டுருச்சா?” என்று கேட்டார். விட்டுவிட்டது என்றேன். புண் ஆறிக்கொண்டு வருகிறது, எரிச்சல் எப்போதாவதுதான். காலையில் குனிந்து பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். முதல் வாய்க்கு முன்னால் இன்றும் கை தானாகச் சிலுவை போடுகிறது. ஆனால் ஒரு ஆறுதல் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி எங்கள் இரண்டு பேருக்குமாகப் பட்டினி கிடக்கிறாள் என்ற தைரியத்தில்தான் எனக்குச் சோறு இறங்கியது.

கொஞ்ச நாளாக அந்தச் சுவர் வழியாக ஒரு சத்தம் கேட்கிறது. ஏப்பம். புளித்த ஏப்பத்தின் சத்தம் எனக்குத் தெரியாதா? போன வாரம் அவள் காப்பி குடித்துவிட்டு நெஞ்சுக்குழியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். “என்னடி?” என்றேன். “வாயு மதினி, ஒண்ணுமில்ல” என்றாள். நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்று படகு நாள், பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் இரண்டு தட்டோடும் ஒரு சட்டிச் சோற்றோடும் அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பு பற்றவைக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“நாளைக்கு ரெண்டு பேருமா ராமநாதபுரம் போறோம். அந்த டாக்டர் புள்ள உன் நாடியப் பாக்கட்டும். இப்பச் சாப்பிடு” என்றேன்.

“நான் மாட்டேன் மதினி.”

“அப்ப எனக்கும் வேணாம். எனக்குப் புண்ணு இருக்கு, ஞாபகம் வச்சுக்க. கறுப்பாப் போச்சுன்னா நீதான் என்னத் தூக்கிட்டு ஓடணும்.”

“இப்பிடி மெரட்டலாமா?”

“வேற என்னத்தச் செய்ய? இந்தா.”

அவள் என்னைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், வடகடல் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். “அண்ணன்?” என்றாள், குரலே எழும்பாமல்.

“அவருக்கு மிச்சம் வைப்போம்.”

அவள் தட்டை வாங்காமல் கையை மட்டும் நீட்டினாள். நான் மோர் சோற்றைப் பிசைந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். நானும் தின்றேன். சட்டியில் கொஞ்சம் மிச்சம் வைத்து ஒரு தட்டால் மூடினேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து, படகு கடலில் இருக்க எங்களில் ஒருத்திகூடப் பட்டினி கிடக்காத முதல் நாள் இது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏப்பச் சத்தம் இல்லை. அவள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறாள். படகு காலையில்தான் வரும்.